வளைந்த சட்டத்தை நிமிர்த்தி ஓட்டுக் கூரைக்குப் போடலாமா?

ஓட்டுக் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட 12 அடி நீளத்தில் 4×2 சட்டங்கள் வாங்கினீர்கள், அவற்றில் சில வளைந்திருக்கின்றன, நிமிர்த்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில். ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு முனைக்கும் நூலை இழுத்துப் பிடித்து நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள்.

கைமரம் (முகட்டிலிருந்து சுவர் வரை சாய்வாக இறங்கும் சட்டம்) குத்துவாட்டில், அதாவது 4 அங்குலம் நின்றபடி உட்காரும். வளைவு பக்கவாட்டில், 2 அங்குலத் திசையில் இருந்தால் கவலையே வேண்டாம். அந்தத் திசையில் வளைக்க, குத்துவாட்டில் ஆகும் பலத்தில் கால் பங்கு போதும். முகட்டிலும் சுவர் மேலும் இரண்டு முனைகளையும் முதலில் அடித்துவிடுங்கள். நேரான ஒரு ரீப்பரில் (ஓடு உட்காரக் கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம்) கைமர இடைவெளிகளைக் குறித்து, அதை நடுவில் குறுக்கே வைத்து, ஒவ்வொரு கைமரத்தையும் கயிற்றாலோ கிளாம்ப்பாலோ அந்தக் குறிக்கு இழுத்து ஆணி அடியுங்கள். மற்ற ரீப்பர்களும் ஏறியபின் அது எங்கும் போகாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வளைந்தவை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் கூரை மொத்தமும் அந்தப் பக்கமே தள்ளப்படும். ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாற்றிப் போடுங்கள்.

வளைவு குத்துவாட்டில் இருந்தால் நிமிர்த்தவே போகாதீர்கள். கூன் மேலே பார்க்க வையுங்கள், அவ்வளவுதான். மங்களூர் ஓடும் ரீப்பருமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ வரும். அந்தப் பாரம் கூனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். மாற்றி வைத்தால் அதே பாரம் குழியை இன்னும் ஆழமாக்கி, மழையில் ஓட்டிடுக்கு வழியாக ஒழுக வைக்கும். என் கணக்கில் 12 அடிக்கு அரை அங்குலம் வரை தாராளமாக ஏற்கலாம். பக்கத்துக் கைமரத்தைவிடத் தூக்கலாக நின்றால் மேல்முதுகை லேசாக இழைத்துக்கொள்ளலாம். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் கைமரத்துக்கு வேண்டாம்.

உள்வளைந்த பக்கத்தில் பாதி ஆழம் வாளால் அறுத்து, ஆப்பு அடித்து நிமிர்த்தி, இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மரச்சட்டச் சுவர்களில், பாரம் தாங்காத இடங்களில் அப்படிச் செய்வார்கள். கைமரத்தில் அது கூடவே கூடாது. கூனை மேலே வைத்தால் அறுத்த பக்கம் கீழே வரும். பாரம் ஏறும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். உள்ள பலத்தையும் வெட்டி எடுத்தது போலாகிவிடும்.

தண்ணீர் தெளித்து வெயிலில் கவிழ்த்துப் போடும் வைத்தியம் அகலப் பலகை குழிந்தால் ஓரளவு பலிக்கும், ஏனென்றால் மரம் குறுக்குவாட்டில்தான் நன்றாக ஊறி விரியும். நீளவாட்டில் அது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் அசையாது. நீராவியில் வேகவைத்தால் மரம் இளகும் என்பது உண்மை. அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. படகு, நாற்காலி செய்பவர்களுக்கு அது சரி. நாலு கைமரத்துக்காக யார் 12 அடி நீராவிப் பெட்டி கட்டுவார்கள்? அப்படியே செய்தாலும் ஆறியதும் கொஞ்சம் திரும்ப வளையும்.

மில்லில் இப்போதுதான் அறுத்த பச்சைச் சட்டம் என்றால் கதை வேறு. ஈர மரம் பாரத்துக்கு மெல்ல இணங்கும். சமதரையில் இரண்டடிக்கு ஒரு கட்டை வைத்து அடுக்கி, வளைந்ததைக் கூன் மேலாக நடுவில் போட்டு, உச்சியில் கல்லேற்றி நிழலில் சில மாதங்கள் காயவிடுங்கள். ஓரளவு நிமிரும்.

முறுக்கிக்கொண்ட சட்டம் இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். நான்கு மூலையும் ஒரு மட்டத்துக்கு வராத மரத்தில் ரீப்பர் படியாது, இழுத்து அடித்தாலும் ஆணியைப் பிடுங்கும். இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக அறுத்தால் முறுக்கு தெரியாது, இடைக்கட்டைகளுக்கு ஆகும். மரக்கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் அதைவிட நல்லது. அறுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.