பெண்ணியம் சமத்துவம் கேட்டால் போதுமா, 'ஆண், பெண்' என்ற பிரிவையே கேள்வி கேட்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும் என்பதே என் பதில். பிரிவைத் தொடாமல் கேட்கிற சமத்துவம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பெங்களூரில் எங்கள் அல்சூர் பக்கம் கட்டட வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்களைப் பாருங்கள். கொத்தனார் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சமஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கரண்டி பிடிப்பதும் கலவை சுமப்பதும் வேறு வேறு வேலை. அதனால் சித்தாளின் கூலி குறைவாக இருப்பதை இந்த விதியால் தொட முடியாது. இருபது வருஷம் சுமந்தாலும் அவள் கையில் கரண்டியைக் கொடுக்க மாட்டார்கள். 'அது ஆம்பள வேலை' என்ற ஒரு வார்த்தைதான் காரணம். அந்த வார்த்தையைக் கேள்வி கேட்காமல் கூலியை மட்டும் எப்படிச் சமமாக்குவது? எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

சரி, பிரிவுகளே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. பெண்களுக்கு எவ்வளவு கூலி என்று தனியாகக் கணக்கெடுத்தால்தான் அநியாயமே கண்ணில் படும். திருநர்களுக்கும் அப்படித்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2021-இல் கர்நாடகம் அரசு வேலையில் அவர்களுக்கு 1 சதவீதம் ஒதுக்கியது. பெயரே இல்லாத பிரிவுக்கு எப்படி இடம் ஒதுக்குவார்கள்?

நான் எதிர்ப்பது பெயரை அல்ல. அந்தப் பெயரைச் சொல்லி வேலையைப் பிரிப்பதைத்தான்.