வாசகம் வாசிக்க நான் தகுதியில்லாதவளா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) 19 வருடமாக வேலை செய்கிறேன். செங்கொடி சங்கத்தில் இருக்கிறேன்; போன தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டும் கேட்டேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் மற்ற எல்லோரும் வேறு கட்சி. "சாமி இல்லைங்கிறவங்களோட சேர்ந்தவ" என்று சொல்லி, அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) இப்போது எனக்கு பைபிள் வாசகம் தருவதில்லை. கோபத்தில் நானும் அன்பியத் தலைவியை ஏசிவிட்டேன். விலகிவிடட்டுமா?

பதில்: விலகாதீர்கள், சகோதரி. அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரலோடுதான் இத்தனை வருடம் அந்த பைபிளைப் புரட்டியிருக்கிறீர்கள். அந்த இடம் உங்களுடையது.

அவர்களின் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கம்யூனிஸ்ட் கட்சியில் சேரும் கத்தோலிக்கருக்கு நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் கிடையாது என்று 1949-இல் வத்திக்கான் ஆணையிட்டது. அப்புறம் பக்கத்துக் கேரளத்தில் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துத் திருச்சபையும் சேர்ந்து நடத்திய விமோசன சமரம் என்ற போராட்டம். 1959-இல் அந்த நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்டது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. ஒரு தவறான தத்துவத்தையும் அதிலிருந்து பிறந்த இயக்கங்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று 1963-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் எழுதினார். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 43-ஆம் பத்தி உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: நல்ல கிறிஸ்தவர்களே ஒரே விஷயத்தில் வேறு வேறு முடிவுக்கு வரலாம், அப்போது திருச்சபை என் பக்கம்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான். தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமையையோ திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இதை அன்பியத்தில் வாதமாக எடுக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் தோற்க யாருக்கும் மனசு வராது. பங்குத்தந்தையைத் தனியாகப் பாருங்கள். "ஃபாதர், நான் வாசிக்கக் கூடாதென்று நீங்கள் சொன்னீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம்.

தலைவி வீட்டுக்கும் ஒருநாள் போய்வாருங்கள். ஏசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டதற்குக் கேட்க வேண்டாம். அதில் தவறே இல்லை. கூட்டத்தில் பகிர்வு நேரம் வரும்போது கட்சிப் பேச்சை விட்டுவிட்டு, கை வெந்த கதையையும் கூலிக்காகச் சங்கம் நின்றதையும் சொல்லுங்கள். அந்த வட்டத்தில் அண்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஃபாதர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.