சொக்லேட் கிளேஸ் வீட்டில் செய்யும்போது ஏன் கட்டிபடுகிறது?

கிளேஸ் என்பது கேக், புடிங் மேல் ஊற்றினால் தானாக வழிந்து, மினுங்கும் மெல்லிய பூச்சாக இறுகும் சொக்லேட் கலவை. ஐசிங் மாதிரி இழுத்துப் பூச வேண்டியதில்லை.

100 கிராம் கறுப்புச் சொக்லேட்டைப் பொடியாகச் சீவி, ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கிய 100 மில்லிலீற்றர் கிறீமை அதன்மேல் ஊற்றுங்கள். 2 நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கிண்டுங்கள். அடித்தால் காற்றுக் குமிழி தங்கிவிடும். கடைசியில் 15 கிராம் பட்டர். கலவை 35 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியதும், நன்றாக ஆறிய கேக்கில் ஊற்றுங்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கைக்கு இது இளகியபடியே நிற்கும். கிறீமை 80 மில்லிலீற்றராகக் குறைப்பது நல்லது.

கட்டிபடுவது ஏன்? சொக்லேட் என்பது கொழுப்புக்குள் கிடக்கும் கொக்கோத் தூளும் சீனியும். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டுத் தண்ணீர் போதும், அந்தத் தூள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டியைச் சீனிப் போத்தலுக்குள் விட்டால் நடப்பதும் இதுதான். கொதிநீர்ச் சட்டிக்கு மேல் வைத்து உருக்குபவர்கள் ஆவியையும் கவனிக்க வேண்டும்.

கட்டிபட்டால் எறியத்தான் வேண்டும் என்பது பிழை. சொட்டு ஈரம்தான் தூள்களை ஒட்டவைக்கும், ஈரம் போதுமான அளவு கூடினால் அந்த ஒட்டு விட்டுவிடும்: சுடுபாலைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டுக் கிண்டினால் மறுபடி இளகி கிளேஸ் ஆகிவிடும்.