பிஸ்டல் சைட்: கண்ணுக்கும் கைக்கும் பொருந்துகிறதா? வாசகர் கேள்வி பதில்

துப்பாக்கி சுடும் விளையாட்டு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைட் (குறி பார்க்க உதவும் பாகம்) பற்றியே கேட்கின்றன. இந்த இதழில் அவற்றில் நான்கு.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். முன் சைட்டுக்கு இருபுறமும் வெளிச்சமே தெரியவில்லை என்கிறாள். முன் சைட்டின் பிளேடு (நிமிர்ந்து நிற்கும் தகடு) 4.5 மி.மீ. அகலம், பின் சைட்டின் பள்ளம் 3.5 மி.மீ. வேறு பிஸ்டல் வாங்க வேண்டுமா?
– வாசகர், அரூர்

பதில்: வேண்டாம். பிஸ்டல் சரியாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மகளைச் சுடும் நிலையில் நிற்கவைத்து, கண்ணிலிருந்து பின் சைட் வரை நூல் பிடித்து அளந்து பாருங்கள். 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு சைட்டுக்கும் இடைவெளி 32 செ.மீ. என்றால் முன் பிளேடு கண்ணிலிருந்து 87 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்தத் தொலைவிலுள்ள 4.5 மி.மீ. பிளேடு, பின் பள்ளத்தில் சுமார் 2.8 மி.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சம் பக்கத்துக்கு 0.3 மி.மீ. சொச்சம். அந்தக் கீற்றைப் பார்த்து நடுவில் இருக்கிறதா என்று சொல்ல யாராலும் முடியாது. குழந்தை சொல்வது உண்மைதான்.

4 மி.மீ. பிளேடு போட்டு, பள்ளத்தையும் 4 மி.மீ. ஆக்குங்கள். பக்கத்துக்கு 0.7 மி.மீ. வெளிச்சம் கிடைக்கும், அதாவது பிளேடு தெரியும் அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். தொடங்குவதற்கு நல்ல அளவு இது. பல பிஸ்டல்களில் பள்ளத்தின் அகலத்தைத் திருகிலேயே கூட்டிக் குறைக்கலாம். பிளேடு தனியாகக் கிடைக்காவிட்டால், ஒசூரில் வயர் கட் வேலை செய்யும் பட்டறையில் பழைய பிளேடை மாதிரியாகக் கொடுத்து வெட்டி வாங்கலாம். உயரம் மாறக்கூடாது, கண்ணைப் பார்க்கும் முகம் பளபளக்கக்கூடாது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பிளேடு பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், 10 மீட்டரில் குண்டு 15 மி.மீ.க்கு மேல் விலகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. தான், ஏறக்குறைய இரண்டு புள்ளி போய்விடும். சைட் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. அசைந்தால் குண்டும் அதே 5 மி.மீ. தான் விலகும். கை நடுங்குகிறதே என்று பிள்ளைகள் அழுவதுண்டு. நடுக்கம் பெரிய குற்றமே அல்ல. சைட் கோணினால்தான் புள்ளி போகும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: திறந்தவெளியில் பழகுகிறோம். காலையில் பத்துக்குள் விழும் குண்டு, வெயில் ஏறியதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.
– வாசகர், பென்னாகரம்

பதில்: பிளேடின் ஒரு விளிம்பில் வெயில் பட்டு மின்னுகிறது. மின்னும் பகுதியை விட்டுவிட்டு, கறுப்பாகத் தெரிவதை மட்டும் கண் நடுவில் வைக்கிறது. பிளேடைக் கழற்றி, பிஸ்டலுக்கும் காற்று சிலிண்டருக்கும் எட்டத்தில், கற்பூரச் சுடருக்கு மேலே காட்டுங்கள். அந்தக் கரி போல மங்கிய கறுப்பு எந்தப் பெயின்டிலும் வராது. விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிடிக்க வேண்டும். வெயிலுக்காக, பின் சைட்டை நகர்த்தும் திருகை ஒரு கிளிக்கூடத் திருப்பாதீர்கள். பத்துப் பத்தாக இரண்டு முறை சுட்டு, இரண்டு கூட்டங்களின் நடுவும் ஒரே இடத்தில் விழுந்தால் மட்டுமே திருப்புங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும்.

கேள்வி: வயது 48. பைஃபோகல் போட்டால் முன் சைட் மங்கல், கழற்றினால் இலக்கு மங்கல். ரெட் டாட் பொருத்திக்கொள்ளலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் ஏர் பிஸ்டல் போட்டியில் பிளேடும் பள்ளமும் கொண்ட திறந்த சைட் மட்டும்தான்; கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட்டுக்கு இடமில்லை. லென்ஸையும் பிஸ்டலில் பொருத்தக்கூடாது, நீங்கள் அணிந்துகொள்ளலாம். உங்கள் தூரப் பார்வை பவரோடு +0.50 சேர்த்து, ஒரே பவர் லென்ஸாக, சுடும் கண்ணுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் கடைக்குப் பிஸ்டலை எடுத்துப் போக வேண்டாம். ஒரு குச்சியில் 4.5 மி.மீ. கறுப்புக் காகிதத்தை ஒட்டி, உங்கள் முன் சைட் இருக்கும் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். காகிதத்தின் விளிம்பு கூர்மையாகவும், தூரத்து எழுத்து சற்று மங்கலாகவும் தெரிந்தால் அதுவே உங்கள் பவர். இலக்கு மங்குவதில் தவறில்லை, மங்கத்தான் வேண்டும்.

மற்றக் கண்ணை மறைப்பதாக இருந்தால் வெண்மையான, ஒளி புகும் மறைப்பே நல்லது. அகலம் 30 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. கறுப்பால் மூடினால் சுடும் கண்ணின் பாப்பாவும் சேர்ந்து விரிந்து, தெளிவு குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச், வழக்கமான கண்ணாடியோடு, இரு கண்ணும் திறந்தபடி சுட்டுக் கலப்பு அணியில் வெள்ளி வென்றார்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி, யு.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்க நடைமுறைத் துப்பாக்கி சுடும் சங்கம்) ஆக்‌ஷன் ஷூட்டிங்கில் சேரப்போகிறான். இரும்பு சைட்டா, ரெட் டாட்டா? டாட் எத்தனை எம்.ஓ.ஏ.?
– வாசகி, ஒசூர்

பதில்: முதலில் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ‘புரொடக்‌ஷன்’ பிரிவில் டாட்டுக்கு இடமில்லை. ‘கேரி ஆப்டிக்ஸ்’ பிரிவில் டாட் ஸ்லைடிலேயே (சுடும்போது பின்னே நகரும் மேல் பாகம்) இருக்க வேண்டும். காம்பென்சேட்டரோடு (குழல்முனை எகிறுவதைக் குறைக்கும் பாகம்), ஃபிரேமில் (நகராத கீழ்ப் பாகம்) பொருத்திய டாட் என்றால் ‘ஓப்பன்’. அந்தச் செலவு தொடக்கத்திலேயே வேண்டாம்.

எங்கள் யோசனை 6 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு). 25 மீட்டரில் அது சுமார் 4.4 செ.மீ. இடத்தை மறைக்கும், இலக்கில் அதிக மதிப்பெண் தரும் ஏ பகுதியோ 15 செ.மீ. அகலம். இங்கே மதிப்பெண்ணை நேரத்தால் வகுக்கிறார்கள். ஆகவே சீக்கிரம் கண்ணில் படும் பெரிய புள்ளியே உதவும். புள்ளி நட்சத்திரம் போலச் சிதறித் தெரிந்தால் போன் கேமராவில் படம் எடுத்துப் பார்க்கட்டும். படத்தில் வட்டமாக இருந்தால் குறை சைட்டில் இல்லை, கண்ணில் சிலிண்டர் பவர் இருக்கிறது.

டாட் கழன்று போவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. திருகு, துளை இரண்டிலும் எண்ணெயைத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முடுக்கும் விசை அளவு) முடுக்கி, திருகுத் தலையிலிருந்து தகடு வரை பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு விலகினால் திருகு நகர்ந்துவிட்டது. நீளமான திருகைப் போட்டால், சில பிஸ்டல்களில் அதன் நுனி எக்ஸ்ட்ராக்டரின் (காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி) பிளஞ்சரை அழுத்தி, காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கும். புதிதாக டாட் பொருத்திய பிறகே சிக்கல் தொடங்கியது என்றால் முதலில் திருகின் நீளத்தைப் பார்க்கட்டும்.

உயர்த்தியதும் புள்ளி கண்ணாடியில் காணவில்லை என்று முதல் மாதம் புலம்புவான். பெரும்பாலும் குழல்முனை மேலே தூக்கியிருக்கும். பிஸ்டலைக் காலியாக்கி, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி உயர்த்தி, திறந்து பார்த்து மணிக்கட்டைத் திருத்தட்டும். தினம் பத்து நிமிடம் போதும். அந்த நேரம் முழுக்கப் பார்வை புள்ளியைத் தேடாமல் இலக்கிலேயே நிற்க வேண்டும். திறந்த சைட்டில் பழகியவர்களுக்கு இந்த ஒன்றுதான் கடினம்.