பைக் ரேஸ்: கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 17 வயது. ராத்திரியில் ரேஸ் போகிறான். சாவியைப் பிடுங்கி வைக்கலாமா?

பதில்: வையுங்கள். ஆனால் அதோடு விட்டால் நண்பனின் வண்டியில் ஏறிக்கொள்வான். யார் கூப்பிடுகிறார்கள், யார் வீடியோ எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தனியாக நிதானமாக ஓட்டும் பையனே நாலு பேர் பார்த்தால் முறுக்குகிறான். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில்கூட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கூட்டம்தான் ரேஸுக்குப் பெட்ரோல். வீடியோவுக்கு லைக் போடுகிறவரும் அந்தக் கூட்டம்தான்.

கேள்வி: நானும் ரேஸ் ஓட்டுகிறவன்தான். வண்டி எங்கள் கைக்கு அடங்கும். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பதில்: உங்கள் கைத்திறமையை நான் சந்தேகிக்கவில்லை, தம்பி. கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு விநாடி ஆனால், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 37 மீட்டரில் நிற்பார். 120-இல் வருகிறவர் அதே இடத்தில் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பார்; அங்கே அவர் வேகம் இன்னும் 115-க்கு மேல். நிற்க 110 மீட்டருக்கு மேல் வேண்டும்.

கேள்வி: ஏபிஎஸ் பிரேக் இருக்கிறதே? நள்ளிரவில் ரோடும் காலி.

பதில்: ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். டயருக்கு இல்லாத பிடிப்பை அது தராது. காலி ரோடு என்கிறீர்கள். இரவு வேலை முடிந்து ஒருவர் குறுக்கே நடக்கிறார். தூரத்தில் ஒற்றை ஹெட்லைட். அதை வைத்து வேகத்தைக் கணிப்பது யாருக்கும் கடினம். கடந்துவிடலாம் என்று கால் வைக்கிறார். உங்கள் பந்தயத்துக்கு அவர் சம்மதிக்கவில்லையே!

கேள்வி: தனி டிராக் கட்டிக்கொடுத்தால் தீருமா?

பதில்: பாதி தீரும். தெருப் பந்தயத்தை ஒழுங்கான களத்துக்குக் கொண்டுபோகத்தான் அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் 1951-இல் என்ஹெச்ஆர்ஏ என்ற கார் பந்தய அமைப்பைத் தொடங்கினார். டிராக்கில் எதிரே வண்டி வராது, ஆம்புலன்ஸ் நிற்கும். ஆனால் கட்டணம் எட்டாவிட்டால் பையன்கள் தெருவுக்கே திரும்புவார்கள்.

கேள்வி: மகளின் நண்பன் ரேஸ் போகிறான். சாவியைப் பிடுங்கச் சொல்லலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவன் வண்டியில் மகள் பின்னால் உட்காரக்கூடாது, வீடியோவும் எடுக்கக்கூடாது.

கேள்வி: ரேஸில் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: பாலிசி கொடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள்.

கேள்வி: போலீஸ் ஏன் துரத்திப் பிடிப்பதில்லை?

பதில்: துரத்தினால் அதுவே இன்னொரு ரேஸ். நம்பரைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை வீட்டுக்கதவைத் தட்டினால் பெற்றோரும் கூடவே நிற்பார்கள். நீங்களும் நம்பர், நேரம், இடம் எழுதிக் கொடுங்கள். வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.