கரையும் உரங்கள் இரண்டைக் கலந்தால் வெள்ளை மண்டி வருவது ஏன்?

கேள்வி: சொட்டுநீர் உரத்தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் பிடித்து, 5 கிலோ கால்சியம் நைட்ரேட்டும் 5 கிலோ மெக்னீசியம் சல்பேட்டும் போட்டேன். இரண்டு மூட்டையிலும் 'நீரில் முழுவதும் கரையும்' என்றுதான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பால் போலாகி, அடியில் வெள்ளை மண்டி தங்கிவிட்டது. சொட்டுவான்களில் பாதி அடைத்துக்கொண்டன. உரம் போலியா? ஆசிட் விட்டுக் கழுவலாமா? மெக்னீசியம் சல்பேட்டில் இந்த மூட்டையில் மெக்னீசியம் 10 சதவீதத்துக்குக் கீழே, முன்பு வாங்கியதில் 17 சதவீதம் என்று இருந்தது. அது ஏன்?

பதில்: இந்த மண்டியை வைத்து உரத்தைப் போலி என்று சொல்லிவிட முடியாது. அசல் உரமாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆசிட்டை மட்டும் இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

மூட்டையில் போட்டிருப்பது, அந்த ஒரு சேர்மம் தனியாகத் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை. பக்கத்தில் இன்னொன்று வந்தால் என்ன ஆகும் என்று அதில் இருக்காது. கால்சியம் நைட்ரேட் தண்ணீரில் விழுந்ததும் கால்சியம் அயனி, நைட்ரேட் அயனி என்று பிரிந்துவிடும். மெக்னீசியம் சல்பேட்டும் அப்படியே. ஆக, உங்கள் தொட்டியில் இருந்தது இரண்டு உரம் இல்லை, நான்கு வகை அயனிகள். அதில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். மண்ணைச் சீர்திருத்தப் போடுகிறோமே, அதே பொருள்தான்.

'கரையும்', 'கரையாது' என்று இரண்டே பிரிவாகப் பார்ப்பதில்தான் சிக்கல். ஒரு லிட்டரில், எந்த வெப்பநிலையில், எத்தனை கிராம் கரையும் என்பதுதான் கரைதிறன். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கரையும். ஜிப்சமோ சுமார் 2.4 கிராம்தான். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3.5 கிலோ ஜிப்சம் உண்டாகலாம். 200 லிட்டரில் அரை கிலோ அளவுதான் கரைந்து நிற்கும். மீதி 3 கிலோ எங்கே போகும்? அடியில் படியும், கலக்கிவிட்டால் குழாய்க்குள் ஓடும்.

அதனால் இந்த இரண்டையும் அடர்கரைசலாக ஒரே தொட்டியில் வைக்கவே கூடாது. தனித்தனித் தொட்டி வையுங்கள், இல்லையென்றால் ஒன்றை முழுவதும் விட்டு, வெறும் தண்ணீர் ஓட்டிவிட்டு, அப்புறம் மற்றதை விடுங்கள். அதே 3.5 கிலோ ஜிப்சம் கரைய சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் போதும் என்பதால், பாசன நீரில் நன்றாக நீர்த்த பிறகு இரண்டும் சந்தித்தால் பயமில்லை. பாஸ்பேட் உரங்களையும் கால்சியத்தோடு சேர்க்க வேண்டாம், அதுவும் படியும். புதிதாக எதைக் கலப்பதானாலும் தொட்டியில் போடுகிற அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினால் தொட்டியிலும் கலங்கும்.

கரைதிறன் வெப்பநிலையோடு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 315 கிராம் கரையும். பூஜ்யம் டிகிரியில் 130 கிராம் அளவுதான். போதாததற்கு, அது கரையும்போது தண்ணீரையே குளிர வைக்கும். பக்கெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும். குளிர்ந்த காலையில் அடியில் குருணை நின்றால் உரத்தைக் குறை சொல்லாமல் சற்று நேரம் விட்டுக் கலக்குங்கள்.

மெக்னீசியம் அளவு வேறுபடுவதற்குக் காரணம், படிகத்துக்குள்ளேயே இருக்கிற தண்ணீர். ஒரு மூலக்கூறோடு ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்திருந்தால் எடையில் பாதி தண்ணீர்தான். மெக்னீசியம் 10 சதவீதத்தைத் தொடாது. ஒரே நீர் மூலக்கூறு இருந்தால் 17 சதவீதம் வரும். இரண்டும் நல்ல உரம்தான், ஆனால் ஒரே கிலோக் கணக்கில் போடாதீர்கள். சத்து அளவைப் பார்த்துப் போடுங்கள்.

இனி அடைப்பு. மண்டியைக் கொஞ்சம் காயவைத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் கடின நீரால் வந்த கார்பனேட்டும் கலந்திருக்கிறது, அதை ஆசிட் கரைக்கும். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம்தான். அதற்கு ஆசிட் விடுவது வீண். குழாய்களின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு, நிறைய வெறும் தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள். அப்படியும் திறக்காத சொட்டுவான்களைக் கழற்றி, தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள்.