வால் அறுந்து மீண்டும் வளர்ந்த கெக்கோ பல்லியை இனப்பெருக்கத்துக்கு விடலாமா? குட்டிகளுக்கும் மொட்டை வால் வருமா?

விடலாம். குட்டிகளுக்கு அப்படி வராது. உங்களுடையதும் பெண் லெப்பர்ட் கெக்கோவாகத்தான் இருக்கும்; யாரோ "ஊனம் குட்டிக்கும் போகும்" என்று பயமுறுத்தியிருப்பார்கள். என்னையும் பயமுறுத்தினார்கள்.

ரொறொன்ரோவில் நான் வளர்க்கும் கெக்கோ, கண்ணாடிப் பெட்டியின் கதவை நான் அவசரமாகச் சாத்தியபோது வாலைக் கழற்றிப் போட்டுவிட்டது. அந்தத் துண்டு தனியே துடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் புது வால் வந்தது: முள்ளங்கி போலக் குட்டை, வழுவழுப்பு, பழைய வளையங்கள் இல்லை. உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான். ஆனால் குட்டிக்குப் போவது முட்டையிலும் விந்திலும் உள்ள மரபணு; வாலுக்கு நேர்ந்த விபத்து அங்கே எப்படிப் பதியும்? 1880களில் வைஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் முழு வால் இருந்தது.

உடனே ஜோடி சேர்த்துவிடாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன். வால்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு. முட்டை உருவாகும்போது அதிலிருந்துதான் எடுக்கும். நான் ஒரு வருடம் காத்திருந்தேன். புது வால் கழுத்தளவு தடித்து, எடை 55 கிராம் ஆன பிறகே ஆணை விட்டேன். சிள்வண்டில் கால்சியம் தூள் தடவாமல் ஒரு வேளைகூடக் கொடுக்கவில்லை. ஒரு தடவைக்கு இரண்டாக அந்தப் பருவத்தில் பத்து முட்டைகள். 27 பாகை செல்சியஸில் வைத்தேன். அந்த வெப்பத்தில் பெரும்பாலும் பெண்களே பொரிக்கும். எட்டுக் குட்டிகள் வந்தன. எட்டுக்கும் கறுப்பு வளையமிட்ட, நுனி கூரான வால்.

காசுக்காக விலங்கை வருத்துகிறேன் என்று எழுத வருபவர்களுக்கு: ஒரு குட்டியைக்கூட நான் விற்கவில்லை. தெரிந்தவர்களுக்கு, அவர்கள் வீட்டுப் பெட்டியை நேரில் பார்த்த பிறகே கொடுத்தேன்.

வால் அறுந்த அன்று நான் தொலைபேசியில் அழைத்த விலங்கு மருத்துவமனையில், "மருத்துவர் கட்டணத்தைவிடப் புதிதாக ஒன்று வாங்குவது மலிவு" என்றார்கள். பூனையோடு போகிறவரிடம் அப்படிச் சொல்வார்களா? ஆறு வருடமாக என் கையில் சாப்பிடும் உயிர் அது.